மீனுக்கு ருசி பக்குவமே!

(காணும் பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம். தலைப்பு: ‘மீனுக்கு ருசி தருவது மசாலாவா? பக்குவமா?’ ‘பக்குவமே’ என்ற அணியில் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் காரசாரமாகப் பேசி, இந்த மண்டபத்தையே மசாலா வாடையாக்கிவிட்டு உட்கார்ந்திருக்கும் எதிரணிச் சகோதரி அவர்களே! தாய்மார்களே! பெரியோர்களே! மதியம் மீன் சாப்பிட்டுவிட்டுப் பாதித் தூக்கத்தில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கும் அன்பு நேயர்களே! (சிரிப்பு)

சகோதரி ஒரு போடு போட்டார். “மசாலா இல்லாத மீனும் உப்பில்லாத பண்டமும் ஒண்ணு” என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் யோசித்தேன். ஏம்மா, உப்பு எப்போ உங்க கட்சியில சேர்ந்தது? உப்பு எங்க ஆளும்மா! மீனும் உப்பும் ஒரே கடலில் பிறந்த அண்ணன் தங்கச்சி. மசாலா, கல்யாணத்துக்குப் பிறகு வந்த சம்பந்தி. சம்பந்தி வரட்டும். மாலை போடுவோம், மரியாதை செய்வோம். ஆனால் வந்த சம்பந்தி நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்காரனைத் திண்ணைக்கு அனுப்பினால் அது நியாயமா? அதைத்தான் நாங்கள் கேட்கிறோம். (கைதட்டல்)

நடுவர் அவர்களே, நான் மீன் குழம்புக்கு எதிரி இல்லை. அதை இந்த மேடையில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என்னை வீட்டுக்குள் விடமாட்டார்கள். மண்சட்டியில் வைத்த குழம்பு மறுநாள் காலையில் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒன்று கேட்கிறேன். மறுநாள் காலையில் இட்லிக்கு என்ன கேட்கிறோம்? “குழம்பை ஊத்து” என்கிறோம். “மீன் வேணுமா?” என்றால், “வேணாம், குழம்பு போதும்” என்கிறோம். ஆக, அங்கே ஜெயித்தது குழம்பு. இன்றைய தலைப்பு குழம்புக்கு ருசி எது என்பதல்ல. மீனுக்கு ருசி எது என்பது.

பக்குவம் பக்குவம் என்கிறீர்களே, அதைக் கண்ணால் காட்டுங்கள் என்று சகோதரி சவால் விட்டார். காட்டுகிறேன். ஒரே ஒரு பண்டத்தை எடுத்துக்கொள்கிறேன். எலுமிச்சம்பழச் சாறு, கொஞ்சம் எண்ணெய், மல்லித்தழை, புதினா, உப்பு, மிளகு. இவ்வளவுதான். இதை மீனில் லேசாகப் பூசித் தணலில் சுட்டு எடுக்கிறோம். அரைத்த மசாலா கிடையாது. அப்படியானால் இதில் ருசி எங்கிருந்து வருகிறது?

நான் தமிழ் வாத்தியார். எனக்கு முதலில் சொல்தான் கண்ணில் படும். தமிழில் சமையலுக்கு எத்தனை சொல் பாருங்கள். அவித்தல், வறுத்தல், பொரித்தல், வதக்குதல், தாளித்தல், சுடுதல், வாட்டுதல். ஒவ்வொன்றும் ஒரு சூட்டின் அளவு. வாழை இலையை நாம் சுடுவதில்லை, வாட்டுகிறோம். கிழிந்துவிடக் கூடாது என்று அனலில் லேசாகக் காட்டி எடுக்கிறோம். நெருப்பை எவ்வளவு கிட்டத்தில் வைப்பது, எவ்வளவு நேரம் வைப்பது என்பதற்கே தனித்தனிச் சொல் வைத்த பரம்பரை நாம். பக்குவம் என்ற எண்ணம் நமக்குப் புதிதா?

சங்க காலத்துக்கு வாருங்கள். அங்கே ‘சூடு’ என்றால் வெப்பம் மட்டுமல்ல, சுட்ட உணவுக்கும் அதுதான் பெயர். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் கடல் இறாலைச் சுட்டுத் தின்கிறார்கள். சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துக்குப் போகிற பாணர்களுக்குச் சுட்ட குழல் மீன் கிடைக்கிறது. அந்தப் பரதவர் வீட்டில் மிளகாய்த்தூள் டப்பா இருந்ததா? இருக்க முடியாது ஐயா! மிளகாயின் பிறந்த ஊர் அமெரிக்கக் கண்டம். கொலம்பஸ் அங்கே போய் இறங்கியது 1492. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498. அதற்குப் பிறகு போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்ததுதான் மிளகாய். மிளகு போலக் காரமாக இருக்கிற காய் என்று நாம் பெயர் வைத்தோம். சகோதரி எதைப் ‘பாட்டன் பூட்டன் காலத்து ருசி’ என்று சொன்னாரோ, அந்தச் சிவப்பு மசாலாவுக்கு இங்கே வயது ஐந்நூறு வருஷம். மீன் சுட்ட கதைக்கு வயது இரண்டாயிரத்துக்குக் குறையாது. யார் மூத்தவர் என்று நடுவர் முடிவு செய்யட்டும். (கைதட்டல்)

எலுமிச்சை மட்டும் உள்ளூரா என்று கேட்பீர்கள். கேளுங்கள். எலுமிச்சை, நாரத்தை, ஆரஞ்சு இந்தக் குடும்பத்துக்கே பூர்வீகம் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரம், நம்ம அஸ்ஸாமின் கிழக்கு, மியான்மரின் வடக்கு, சீனாவின் யுன்னான் பக்கம் என்று 2018-இல் வெளிவந்த மரபணு ஆய்வு சொல்கிறது. மிளகாய்க்குக் கடல் கடக்க வேண்டியிருந்தது. எலுமிச்சை பக்கத்து வீட்டுப் பிள்ளை.

சரி, அந்த எலுமிச்சை மீனுக்கு என்ன செய்கிறது? வீட்டில் மீன் கழுவும்போது அம்மா ஏன் எலுமிச்சம்பழமோ புளியோ போட்டுக் கழுவுகிறார்? “வாடை போகும்” என்பார். ஏன் போகிறது? கடல் மீன் இறந்த பிறகு, அதன் உடம்பில் கிருமிகள் வேலை செய்யும்போது டிரைமெத்திலமைன் என்று ஒரு பொருள் உண்டாகிறது. நாம் ‘மீன் நாத்தம்’ என்று சொல்வதில் பெரும்பங்கு அதுதான். அது காற்றில் பறந்து மூக்குக்கு வருகிறது. புளிப்பு பட்டால் அது உப்பாக மாறிவிடுகிறது, பறப்பதில்லை. வேதியியல் படிக்காத நம்ம பாட்டி இதைக் கையால் கண்டுபிடித்திருக்கிறாள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. எலுமிச்சை, வாடையை அடக்குமே தவிர, கெட்ட மீனை நல்ல மீன் ஆக்காது. இங்கேதான் மசாலாவுக்கும் பக்குவத்துக்கும் பெரிய வித்தியாசம் வருகிறது. மூன்று நாள் ஐஸில் கிடந்த மீனை நிறைய மிளகாய்த்தூளும் கரம் மசாலாவும் பூசி எண்ணெயில் பொரித்தால், நாக்கு எரிகிற எரிச்சலில் மீன் பழசா புதுசா என்றே தெரியாது. எலுமிச்சை பூசிச் சுட்ட மீனில் அந்த வேலை நடக்காது. முதல் வாயிலேயே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கடையிலேயே பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது. கண் பளிச்சென்று துருத்திக்கொண்டு இருக்கிறதா? செவுள் சிவப்பாக இருக்கிறதா? விரலால் அமுக்கினால் குழி விழாமல் மேலே எழும்புகிறதா? பக்குவம் அடுப்படியில் ஆரம்பிப்பதில்லை, நடுவர் அவர்களே. மீன் கடையில் ஆரம்பிக்கிறது. (கைதட்டல்)

இப்போது தாய்மார்கள் குறித்துக்கொள்ளுங்கள். தாய்மார்கள் மட்டும் ஏன்? ஐயாமார்களும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ சங்கரா, அல்லது கொடுவா, அல்லது வவ்வால். முழு மீனாகவே இருக்கட்டும். சுத்தம் செய்து, ஈரம் போகத் துணியால் ஒற்றி எடுங்கள். இரண்டு பக்கமும் மூன்று மூன்று கீறல். ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தின் சாறு, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், நாலு பல் பூண்டு தட்டியது, அரை ஸ்பூன் மிளகுத்தூள், அளவாக உப்பு. பழத்தைப் பிழிவதற்கு முன்னால் மேல்தோலை லேசாகச் சீவிச் சேருங்கள். புளிப்பு சாற்றில் இருக்கிறது. மணம் தோலில் இருக்கிறது. தோலுக்கு அடியிலுள்ள வெள்ளையைத் தொட்டுவிடாதீர்கள், கசக்கும். மல்லித்தழையையும் புதினாவையும் காம்போடு மீனின் வயிற்றுக்குள் வையுங்கள். மேலே பூசினால் தணலில் கருகிப்போகும். கொஞ்சம் தழையை நறுக்கித் தனியாக வைத்துக்கொண்டு, சுட்ட பிறகு தூவுங்கள்.

எண்ணெய் எதற்கு? மீன் கம்பியில் ஒட்டாமல் இருக்கவும், மேலே காய்ந்துபோகாமல் இருக்கவும். கிரேக்க நாட்டுக் கடற்கரையிலே இதையேதான் செய்கிறார்கள். ஆலிவ் எண்ணெய், எலுமிச்சைச் சாறு, ஓரிகானோ என்கிற தழை. அடித்துக் கலக்கிச் சுட்ட மீன்மேல் ஊற்றுகிறார்கள். ‘லாடோலெமோனோ’ என்று பெயர். பெயருக்கு அர்த்தமே ‘எண்ணெய் எலுமிச்சை’தான். இரண்டு மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு சாறு. அவ்வளவுதான் அவர்களுடைய ரகசியம்.

பூசியாச்சு. எவ்வளவு நேரம் ஊற வைப்பது? இங்கேதான் பாதிப்பேர் தவறு செய்கிறோம். “ராத்திரியே பூசி வச்சுட்டா நல்லா இறங்கும்” என்கிறோம். மசாலாவுக்கு அது சரியாக இருக்கலாம். எலுமிச்சைக்குச் சரியில்லை. தென் அமெரிக்காவில் பெரு என்று ஒரு நாடு. அங்கே ‘செவிச்சே’ என்று ஒரு பண்டம். பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் போட்டு ஊறவைத்தே சாப்பிடுகிறார்கள். அதை 2023-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சாறு பட்டதும் மீன் சதை வெளுத்து, வெந்த மாதிரி ஆகிவிடுகிறது. நெருப்பே இல்லாமல்! புளிப்புக்கு அந்தச் சக்தி உண்டு. ஆனால் அது கிருமியை முழுசாகக் கொல்லாது. அதற்கு நெருப்புதான் வேண்டும். ஆக, ராத்திரி முழுக்க எலுமிச்சையில் ஊறிய மீனைக் காலையில் தணலில் போட்டால், ஏற்கெனவே வெந்ததை மறுபடி வேகவைக்கிறீர்கள். சதை சுண்ணாம்புக் கட்டி மாதிரி உதிரும். கால் மணி நேரம், மிஞ்சினால் அரை மணி நேரம். அதற்கு மேல் வேண்டாம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் விஷயமும் இதுதானே? கண்டிப்பு வேண்டும். புளிப்பு இல்லாமல் வளர்த்தால் வாடை அடிக்கும். ஆனால் காலையில் ஆரம்பித்த திட்டை ராத்திரி வரைக்கும் ஊறவைத்தால் என்ன ஆகும்? பையன் வெளியே பார்க்க முழுசாக இருப்பான். உள்ளே உதிர்ந்து போயிருப்பான். கால் மணி நேரம் போதும் ஐயா! (பலத்த கைதட்டல்)

அடுத்தது நெருப்பு. கரி கொழுந்து விட்டு எரியும்போது மீனைப் போடாதீர்கள். மேலே சாம்பல் பூத்து, உள்ளே சிவந்து இருக்க வேண்டும். கம்பி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஆட்டுக்கறி மாதிரி மீனை நெடுநேரம் வேகவைக்கத் தேவையில்லை. மீன் தண்ணீரில் மிதக்கிற பிராணி. உடம்பைத் தாங்குவதற்குக் கெட்டியான நாரும் சவ்வும் அதற்கு அதிகம் வேண்டியதில்லை. அதனால் சீக்கிரம் வெந்துவிடும். மீனின் கனத்த இடத்தில் ஓர் அங்குலத்துக்குப் பத்து நிமிஷம் என்பது சமையல்காரர்கள் கணக்கு. முள்ளுக்குப் பக்கத்தில் சதை கண்ணாடி மாதிரி தெரியாமல் வெளுத்து, இதழ் இதழாகப் பிரிந்தால் முடிந்தது. இதே தணலில் கெட்டியாக மிளகாய் மசாலா அப்பிய மீனைப் போட்டுப் பாருங்கள். மீன் வேகிறதற்கு முன்னால் மசாலா கருகிவிடும். வெளியே கசப்பு, உள்ளே பச்சை. தணலுக்கு முன்னால் மசாலா தோற்றுப்போகும். தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேயர்களே, சந்தேகம் இருந்தால் இன்றைக்கே செய்து பாருங்கள்.

நடுவர் மணியைத் தொடுகிறார். இன்னும் இரண்டு நிமிஷம் கொடுங்கள், ஐயா. ஒரு வீட்டுக் கதை சொல்லி முடித்துவிடுகிறேன்.

என் அப்பாவுக்கு எழுபது வயதுக்கு மேல் நெஞ்சுவலி வந்தது. பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார், “பொரிச்ச மீன் இனிமே கூடாது. உப்பையும் எண்ணெயையும் குறைங்க.” என் அம்மா கைக்குப் பேரே பொரித்த மீன்தான். நாற்பது வருஷமாக அம்மியில் மசாலா அரைத்துப் பொரித்துக் கொடுத்த கை. அன்றையிலிருந்து அம்மா மீனை வெறுமனே அவித்து வைத்தார். அப்பா தட்டைப் பார்த்தார். “இது மீனா, மருந்தா?” என்று தள்ளி வைத்துவிட்டார். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. சாப்பாடே குறைந்துபோனது. அம்மா அடுக்களையில் நின்று, “என் கைக்கு இனிமே வேலையில்ல” என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வீட்டில் உட்கார முடியவில்லை.

அப்போது ஒன்று ஞாபகம் வந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது அப்பா என்னைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவார். வலைக்காரர்கள் மட்டையைக் கொளுத்தி, அந்தத் தணலில் மத்தி மீன் சுட்டுக் கொடுப்பார்கள். கல் உப்பு, அரை எலுமிச்சம்பழம், வேறொன்றும் இல்லை. அப்பா என்னைவிட ஆசையாகத் தின்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய் ஒரு சங்கரா வாங்கி வந்தேன். மொட்டை மாடியில் கரியடுப்பை வைத்தேன். எனக்கு என்ன தெரியும்? யாப்பிலக்கணம் தெரியும்! (சிரிப்பு) எலுமிச்சை பூசினேன், கம்பியில் வைத்தேன். வைத்த அடுத்த நிமிஷமே கரண்டியை விட்டுப் புரட்டப் பார்த்தேன். தோல் ஒட்டிக்கொண்டு கிழிந்தது. பின்னாலிருந்து ஒரு குரல்.

“டேய், அதைத் தொடாத. வெந்தா அது தானா விடும்.”

திரும்பினால் அப்பா! படுக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று இருந்தவர், மணத்தைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்துவிட்டார். நாற்காலி போட்டு உட்கார்ந்தார். “விசிறுடா” என்றார். “போதும்டா” என்றார். “இப்பப் புரட்டு” என்றார். புரட்டினேன். கம்பியை விட்டு, மீன் தானாக விட்டுக்கொடுத்தது.

அம்மாவைக் கூப்பிட்டோம். அம்மா தட்டோடு வந்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார். நின்றுதானே அவருக்குப் பழக்கம்? நாற்பது வருஷமாகக் கல்லுக்கு முன்னால் நின்று, சூடு ஆறாமல் எங்களுக்குப் போட்டுப் போட்டு, கடைசியில் தனக்கு வாலும் உதிரியும் எடுத்துக்கொண்டவர். அன்றைக்கு அப்பா வயிற்றுப் பக்கம் நல்ல துண்டாகப் பிய்த்து, முள்ளை எடுத்தார். அம்மாவிடம் நீட்டினார். “உக்காரு. முதல்ல நீ சாப்பிடு” என்றார்.

அம்மா சாப்பிட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “உப்பு கம்மியா இருந்தாலும் புளிப்பு எடுத்துக் குடுக்குதுங்க” என்றார். சமையல்காரியின் தீர்ப்பு! அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாறு பிழிந்து, தழை நறுக்கி, பூசி வைத்தது அம்மா. சுட்டது நான். உட்கார்ந்து அதிகாரம் செய்தது அப்பா. அம்மா கைக்கு மறுபடியும் வேலை வந்துவிட்டது. அதற்குப் பிறகு அப்பா ஆறு வருஷம் எங்களோடு இருந்தார். (கைதட்டல்)

நடுவர் அவர்களே! அன்று அந்த மாடியில் எங்களைச் சேர்த்தது எந்த மசாலா? நல்ல மீனாகப் பார்த்து வாங்கியது பக்குவம். கால் மணி நேரத்தில் எடுத்தது பக்குவம். அவசரப்பட்டுப் புரட்டாமல் இருந்தது பக்குவம். முதல் துண்டை யாருக்குக் கொடுப்பது என்று தெரிந்ததே, அதுதான் எல்லாவற்றிலும் பெரிய பக்குவம். மசாலா கடையில் பாக்கெட்டில் கிடைக்கும், ஐயா. பக்குவம் பாக்கெட்டில் வராது. ஒருவர் சொல்லி, ஒருவர் கேட்டு, கை சுட்டுத்தான் வரும்.

ஆகவே, மீனுக்கு ருசி தருவது பக்குவமே, பக்குவமே என்று நல்ல தீர்ப்பை நடுவர் அவர்கள் வழங்க வேண்டும். தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தால், எதிரணிக்கும் சேர்த்து நானே சுட்டுத் தருகிறேன்.